ஒரு ஜீப், இரண்டு ஜோடிக் கண்கள்: யாலவில் ஒரு நாள்

இலங்கையின் யால தேசியப் பூங்காவுக்குப் போய் வந்த தம்பதிகளிடம் பேசினால் ஒரு பதில் அடிக்கடி காதில் விழும். சிறுத்தை பார்த்தீர்களா என்று கேட்டால், ஒருவர் "பார்த்தோமே" என்பார். மற்றவர் சற்றுத் தயங்கி, "அவர் பார்த்தார், எனக்குப் புதர்தான் தெரிந்தது" என்பார். ஒரே ஜீப், ஒரே நிமிடம், ஒரே கட்டணம். ஒருவருக்குக் கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை. அதிர்ஷ்டம் என்று சொல்லிப் பலரும் கடந்துவிடுகிறார்கள். அந்த விளக்கத்தை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. சிறுத்தை வருமா வராதா என்பது நம் கையில் இல்லை, உண்மை. ஆனால் வந்த சிறுத்தையை இருவரில் ஒருவர் தவறவிடுவது பெரும்பாலும் உட்கார்ந்த இடத்தாலும், கையிலிருந்த பைனாகுலராலும், "அதோ, அங்கே" என்று காட்டிய விதத்தாலும் நடப்பது. இந்த மூன்றையும் விடுதியிலேயே சரிசெய்துவிடலாம்.

யாலவை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. இலங்கையில் புலியும் இல்லை, சிங்கமும் இல்லை. காட்டின் உணவுச் சங்கிலியில் உச்சியில் இருப்பது சிறுத்தைதான். முதுமலையில் புலிக்கு ஒதுங்கி வாழும் சிறுத்தை, பகலில் வெட்டவெளியில் படுத்துக் கிடப்பது அரிது. யாலவில் அது பாறைமேல் வெயில் காயும், வண்டிப்பாதையின் நடுவே நடந்து போகும். பூங்காவின் மொத்தப் பரப்பு 979 சதுர கிலோமீட்டர், ஐந்து வலயங்கள். ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலானோர் நுழைவது 141 சதுர கிலோமீட்டர் கொண்ட முதலாம் வலயத்துக்குள்தான். நெரிசலுக்கும் அதுதான் காரணம். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, காடு காயக் காய, விலங்குகள் குளங்களை நாடி வரும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நீர் சுருங்கிய காலம், பார்வைக்கு மிக நல்லது. முதலாம் வலயத்தை வழக்கமாக செப்டம்பர் தொடக்கத்தில் மூடி, அக்டோபர் நடுவில் திறப்பார்கள். தேனிலவுத் தேதியைக் குறிக்கும்போதே இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். விமானச் சீட்டு எடுத்த பிறகு தெரிந்துகொண்டு வருந்துகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

முழு நாளா, அரை நாளா

வாயில் காலை 6 மணிக்குத் திறக்கும், மாலை 6 மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். அரை நாள் சவாரிகள் காலை ஒன்று, பிற்பகல் ஒன்று எனப் பிரிந்திருக்கும். இருவருக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறதென்றால் முழு நாளையே எடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. காலைச் சவாரி முடிந்து ஜீப்புகள் வெளியேறியதிலிருந்து பிற்பகல் வண்டிகள் வரும்வரை காடு அமைதியாக இருக்கும். வெயிலில் விலங்கு வராது என்பார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் காலையில் முப்பது ஜீப்புக்கு நடுவே ஒரு வால் நுனியைப் பார்ப்பதைவிட, நண்பகலில் பாலை மரக்கிளையில் நான்கு காலும் தொங்க உறங்கும் சிறுத்தையைத் தனியே பார்ப்பது எவ்வளவோ மேல். உறங்கும் சிறுத்தையைத் தேட நேரம் வேண்டும், நெரிசல் இல்லாத பாதை வேண்டும். இரண்டும் மதியத்தில்தான் உண்டு.

பணக் கணக்கு இருவர் பயணத்துக்குச் சற்று விரோதமானது. ஆளுக்குரிய நுழைவுச் சீட்டு போக, குழுவுக்கு ஒன்றாக விதிக்கும் சேவைக் கட்டணமும் வாகனக் கட்டணமும் உண்டு, அதன்மேல் வரியும் சேரும். ஆறு பேர் பகிரும் தொகையை இருவர் சுமக்க வேண்டிவரும். அதனால் பலர் பகிர்வு ஜீப்பில் ஏறிவிடுகிறார்கள். செலவைக் குறைக்க வேறு எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுங்கள், தனி ஜீப்பை விடாதீர்கள். பகிர்வு ஜீப்பில் எஞ்சினை நிறுத்தி அரை மணி காத்திருக்கச் சொல்ல முடியாது. மற்ற நால்வரில் ஒருவருக்குப் பொறுமை தீர்ந்துவிடும். இந்தியா போன்ற சார்க் நாட்டவர்கள் கடவுச்சீட்டை மறக்காமல் எடுத்துப்போங்கள். அவர்களுக்கான கட்டண விகிதம் தனி, அதைக் காட்டித்தான் கேட்க வேண்டும்.

பக்கத்து ஊரான திஸ்ஸமஹாராமவில் இருந்து ஜீப் பூங்காவின் பலட்டுப்பான வாயிலுக்குப் போக முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். வாயிலில் வரிசை நிற்கும். அதிகாலை 4:30 மணிக்குச் சாரதி வந்து நிற்பது அதனால்தான். இருவரில் ஒருவர் கருவுற்றிருந்தாலோ, முதுகுத் தண்டில் தொல்லை இருந்தாலோ இந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பள்ளமும் கல்லுமான பாதையில் பன்னிரண்டு மணி நேரக் குலுக்கல் சாதாரணமானதல்ல.

சேர்ந்து பார்க்கத் தள்ளி உட்காருங்கள்

திறந்த ஜீப்பின் பின்பகுதியில் பொதுவாக ஆறு இருக்கைகள், மூன்று வரிசை. தம்பதிகள் ஏறியதும் ஒரே வரிசையில் ஒரே பக்கமாக நெருங்கி உட்காருவார்கள். விடுமுறையில் வந்தவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள், யார் குறை சொல்ல முடியும்? ஆனால் அந்த நொடியே காட்டின் பாதியை இழந்தாயிற்று. இருவர் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியிருக்க, மறுபக்கம் யார் பொறுப்பிலும் இல்லை. நடு வரிசையில் ஒருவர் இடது ஓரம், ஒருவர் வலது ஓரம் என்று அமருங்கள். கை நீட்டினால் தொடும் தூரம்தான். பின்வரிசை உயரமானது, பார்வைக்கு நல்லதுபோல் தோன்றும். ஆனால் அது பின் அச்சுக்கு மேலே இருப்பதால் தூக்கிப்போடுவதும் அங்கேதான் அதிகம், புழுதி சுழன்று வருவதும் அங்கேதான். முற்பகலில் ஒரு பக்கம் வெயில் முகத்தில் அடிக்கும். மணிக்கொரு முறை இடம் மாறிக்கொள்ளலாம்.

பைனாகுலர் விஷயத்தில்தான் பெரும்பாலான ஏமாற்றம் தொடங்குகிறது. இருவருக்கும் சேர்த்து ஒன்று, அதுவும் சட்டைப்பைக்குள் அடங்கும் 10×25 (பத்து மடங்கு உருப்பெருக்கம், 25 மில்லிமீட்டர் முன் கண்ணாடி). காலை 6 மணி மங்கலில் அது கிட்டத்தட்டப் பயனற்றது. முன் கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 25ஐ 10ஆல் வகுத்தால் 2.5 மில்லிமீட்டர். மங்கிய ஒளியில் நம் கண்மணி அதைப்போல் இருமடங்குக்கு மேல் விரியும், ஆனால் அந்த விரிவை நிரப்ப ஒளி வராது. 8×42 என்றால் 5.25 மில்லிமீட்டர். 8×32 என்றால் 4 மில்லிமீட்டர். எட்டு மடங்குக்கு மேல் போனால் ஜீப்பின் அதிர்விலும் கை நடுக்கத்திலும் படம் ஆடும், பார்வைப் பரப்பும் குறுகும்.

விலை உயர்ந்த ஒரு 8×42ஐவிட, நடுத்தர விலையில் இரண்டு 8×32 வாங்குங்கள். காரணம் கருவியின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒருவர் கண்ணிலிருந்து மற்றவர் கண்ணுக்குப் போகும்போது மூன்று அமைப்புகள் மாற வேண்டும். கண்களுக்கு இடையிலான தூரம் ஆளுக்கு ஆள் வேறு, அதனால் கீலை மடித்தோ விரித்தோ சரிசெய்ய வேண்டும். கண்ணாடி அணிபவருக்குக் கண்குவளையை, அதாவது கண் வைக்கும் விளிம்பை, உள்ளே இறக்க வேண்டும், அணியாதவருக்கு வெளியே ஏற்ற வேண்டும். மூன்றாவது, வலது கண் பக்கத்தில் இருக்கும் சிறு வளையம். இரண்டு கண்களின் பார்வை வேறுபாட்டை ஈடுசெய்வது அதுதான். இந்த வளையத்தைத் தெரியாமலே ஆண்டுக்கணக்கில் பைனாகுலர் பயன்படுத்தி, "எனக்கு எப்போதும் மங்கலாகத்தான் தெரிகிறது" என்று கருவியைத் திருப்பிக் கொடுப்பவர்கள் ஏராளம்.

முதல் நாள் மாலை விடுதி முற்றத்திலேயே இதை முடித்துவிடுங்கள். தூரத்து அறிவிப்புப் பலகை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வலது குழலை உள்ளங்கையால் மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்கு எழுத்து கூர்மையாகும்வரை கொண்டுவாருங்கள். பிறகு இடது குழலை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலப்பக்கச் சிறு வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைக் கூர்மையாக்குங்கள். அந்த நிலையைச் சிறு ஒட்டுத்தாளால் குறித்துவிட்டால் அடுத்த நாள் முழுவதும் நடுச் சக்கரம் ஒன்றே போதும். ஒரே பைனாகுலர்தான் இருக்கிறதென்றால் இருவர் நிலையையும் இரண்டு நிறத்தில் குறியுங்கள். கூடவே ஒரு பழக்கம்: விலங்கைக் கண்டதும் தலையைக் குனிந்து கருவியைப் பார்க்கக் கூடாது. கண் விலங்கின்மேல் பதிந்தபடியே இருக்க, கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். முற்றத்து வேப்பமரத்துக் காகத்தை வைத்துப் பத்து முறை பழகினால் போதும்.

அடுத்தது, சொல்லும் விதம். "அந்த மரத்துக்குப் பின்னால்" என்பது யாலவில் எதையும் குறிக்காது, எல்லாம் மரம். ஜீப்பின் மூக்கைப் பன்னிரண்டு மணியாக வைத்துக்கொண்டு திசையை முதலில் சொல்லுங்கள்: "இரண்டு மணி." அடுத்துத் தூரம்: முதல் புதர் வரிசையா, அதற்குப் பின்னாலா. மூன்றாவதாக, வேறெதோடும் குழம்பாத ஒரு பொருள்: வெளுத்த பட்டமரம், கறையான் புற்று, பிளந்த பாறை. மற்றவர் "புற்று தெரிகிறது" என்று சொன்ன பிறகே அங்கிருந்து "இரண்டு விரல் இடப்பக்கம், தரையை ஒட்டி" என்று நகர்த்த வேண்டும். நீட்டிய கையில் ஒரு விரல் அகலம் ஏறத்தாழ இரண்டு பாகை. ஒரே ஜீப்பில் இருக்கும் இருவருக்கும் அளவு அதிகம் மாறாது. குரலைத் தணித்துப் பேசுங்கள், கிசுகிசுக்காதீர்கள். கிசுகிசுப்பில் எழும் கூர்மையான 'ஸ்' ஒலி விலங்கின் காதுக்குத் தணிந்த குரலைவிட நன்றாகவே எட்டும்.

மானின் குரலுக்குப் பிறகு

சிறுத்தையை யாலவில் இரண்டு வழியில் பார்க்கலாம். ஒன்று, சாரதியின் கைபேசி அலறி, "வேபந்தெனியப் பாறையில் நிற்கிறதாம்" என்ற செய்தி கேட்டு, மணிக்கு 25 கிலோமீட்டர் என்ற வேக வரம்பை மறந்து ஓடி, வண்டி வரிசையின் கடைசியில் போய் நிற்பது. மற்றது, காடே சொல்லும் செய்தியைக் கேட்பது. இரண்டாவதற்கு எஞ்சின் நின்றிருக்க வேண்டும். டீசல் எஞ்சின் ஓடும் ஜீப்பில் காது கேட்காது, பைனாகுலரும் அதிரும்.

புள்ளிமான் கூட்டம் மேய்ந்துகொண்டிருக்கும் வெளியின் ஓரத்தில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திடீரென ஒரு பெண்மான் தலையைத் தூக்கும். வால் நிமிரும், கழுத்து விறைக்கும், முன்னங்காலால் தரையைத் தட்டும். பிறகு குட்டையான, கூர்மையான ஒரு குரைப்பு. இங்கே பலர் செய்வது மானைப் படமெடுப்பது. மானைப் பார்க்காதீர்கள், மான் பார்க்கும் இடத்தைப் பாருங்கள். அதன் இரண்டு காதுகளும் ஒரே திசையில் குவிந்திருந்தால், அந்தக் கோட்டைப் புதர்வரை நீட்டிச் செல்லுங்கள். ஒரே குரைப்போடு நின்று, மான் மீண்டும் மேயத் தொடங்கினால் அது நரியாகவோ வெறும் பதற்றமாகவோ இருக்கலாம். குரைப்பு விடாமல் தொடர்ந்து, மேலிருந்து சாம்பல் மந்தியும் கரகரத்த இருமலைப்போலக் குரல் கொடுத்தால் செய்தி உறுதியாகிறது. உச்சிக் கிளையில் இருக்கும் மந்திக்கு மானுக்குத் தெரியாததும் தெரியும். மரை, அதாவது கடமான், கனத்த குரலில் ஒலித்தால் இன்னும் நம்பலாம், அது வீணாகக் கத்துவது குறைவு.

இந்த நிமிடங்களில்தான் இருவர் என்பதன் பலன் முழுமையாகக் கிடைக்கிறது. ஒருவர் வெறும் கண்ணோடு மான் கூட்டம் முழுவதையும் கவனிக்கட்டும்: தலைகள் எந்தப் பக்கம் திரும்புகின்றன, குரல் இடத்திலிருந்து இடம் நகர்கிறதா. குரல் நகர்ந்தால் சிறுத்தை நடந்துகொண்டிருக்கிறது. மற்றவர் பைனாகுலரால் புதரைத் துழாவட்டும். புதரின் முன் இலையில் குவியம் நின்றுவிட்டால் இலை மட்டுமே தெரியும். நடுச் சக்கரத்தை மெல்ல மேலும் திருப்பி, முன் இலைகள் கரைந்து மங்கும்வரை குவியத்தை உள்ளே தள்ளினால் புதருக்குப் பின்னால் இருப்பது துலங்கும். முழுச் சிறுத்தையைத் தேடினால் கிடைக்காது. செங்குத்தான தண்டுகளுக்கு நடுவே படுக்கைவாட்டில் ஒரு கோடு தெரிந்தால் அது முதுகாக இருக்கலாம். அசையும் வட்டமான காது, வால் நுனியின் வெள்ளை அடிப்பக்கம், கிளையிலிருந்து நேராகத் தொங்கும் கனத்த கயிறுபோன்ற ஒன்று: இவற்றையே தேட வேண்டும்.

குரல்கள் அடங்கிவிட்டால் பெரும்பாலான ஜீப்புகள் கிளம்பிவிடும். கிளம்பக் கூடாது என்பேன். மான்கள் அடங்கியதற்கு விலங்கு போய்விட்டது காரணமாக இருக்கலாம், படுத்துவிட்டதும் காரணமாக இருக்கலாம். இருபது நிமிடம் கொடுங்கள். தாகமெடுத்த சிறுத்தை, அருகே குளம் இருந்தால், எழுந்து அங்குதான் வரும். நீங்கள் நின்றிருக்கும் பாதையைக் கடக்க வேண்டியும் இருக்கலாம். அப்போது முன்னும் பின்னும் ஜீப்பை நகர்த்தச் சொல்லாதீர்கள். அது கடக்கப் போகும் இடத்தில் வண்டி வரிசை மூடிக்கொண்டால் திரும்பிப் போய்விடும். குட்டிகள் பாதைக்கு இந்தப் பக்கமும் தாய் அந்தப் பக்கமுமாகப் பிரிந்துபோவதும் உண்டு. நின்ற இடத்திலேயே எஞ்சின் அணைந்து நிற்கும் ஜீப்பைச் சிறுத்தை பாறையைப்போல் எண்ணிச் சுற்றிப் போகும்.

ஒரே கேமரா என்றால் முன்கூட்டியே முறை வைத்துக்கொள்ளுங்கள்: ஒருவர் எடுக்க, மற்றவர் பார்க்க, அடுத்த முறை மாற்றி. இருவரும் திரைவழியே பார்த்தால் இருவரும் பார்க்கவில்லை என்று பொருள். ஒரு பழைய காலுறையில் அரிசியைப் பாதியளவு நிரப்பிக் கட்டிக்கொண்டால், ஜீப்பின் கம்பிமேல் வைத்து லென்ஸைத் தாங்கச் சிறந்த பை அது. 300 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 1/500 நொடிக்குக் குறையாத ஷட்டர் வேகம் வையுங்கள். அதிகாலையில் அதற்கு ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்திறனை 1600, 3200 வரை ஏற்ற வேண்டிவரும், ஏற்றுங்கள். படம் மணல்போல் தெரிவது, அசைந்து குழம்புவதைவிட மேல். ஜீப்புக்குள் லென்ஸ் மாற்றாதீர்கள், அந்தச் செம்புழுதி உள்ளே போனால் எளிதில் வராது.

மதியமும் மாலையும்

பூங்காவுக்குள் கண்ட இடத்தில் இறங்கக் கூடாது. பட்டனங்கல கடற்கரையிலும் மாணிக்க கங்கைக் கரையிலும் இறங்கி உணவு உண்ண இடம் உண்டு. பட்டனங்கலவில் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இறந்தவர்களின் நினைவுச் சின்னம் இருக்கிறது. அங்கே சத்தமாகப் பாட்டு போடுகிறவர்களை நிறுத்தச் சொல்லும் உரிமை எவருக்கும் உண்டு என்று நினைக்கிறேன். வெயில் நேரத்துக்கு ஆற்றங்கரையே நல்லது. கதிர்காமத்தில் அடியார்கள் நீராடும் அதே மாணிக்க கங்கை இங்கே காட்டுக்குள் மருத மரங்களின் நிழலில் ஓடுகிறது. கதிர்காமத் திருவிழாவுக்கு ஒகந்தையிலிருந்து குமண, யாலக் காடுகள் வழியாக நடந்து வரும் பாதயாத்திரையினரும் இந்த ஆற்றை நோக்கியே வருகிறார்கள். மருத மரக் கிளைகளின் உள்நிழலைப் பொறுமையாகப் பார்த்தால் மீன்பிடி ஆந்தை உட்கார்ந்திருப்பதைக் காணலாம். உணவுப் பொட்டலத்தை மடியில் திறந்து வைத்துவிட்டு அண்ணாந்து பார்க்காதீர்கள். குரங்கு எடுத்துப் போய்விடும். பிளாஸ்டிக் உறை எதுவும் கொண்டுவராமல், தண்ணீரை எஃகுக் குப்பியில் ஆளுக்கு இரண்டு லீற்றர் எடுத்து வாருங்கள்.

ஜூன், ஜூலையில் வந்திருந்தால் மாலையைக் கரடிக்குக் கொடுங்கள். பாலை மரம் பழுக்கும் காலம் அது. கரடி மரத்தில் ஏறியும் தின்னும், உதிர்ந்ததையும் தின்னும். மந்திகள் மேலே தின்று பழத்தைச் சிந்த, கீழே மான்கள் பொறுக்கும் மரம் ஒன்றைக் கண்டால், காற்று உங்கள் பக்கம் வீசும்படி நின்று காத்திருங்கள். கரடிக்குக் கண் மந்தம், மூக்கு மிகக் கூர்மை.

பிற்பகல் வெயில் தணியும்போது யானைகள் குளங்களுக்கு இறங்கும். இலங்கையில் தந்தமுள்ள ஆண் யானை மிகக் குறைவு, பெரும்பாலான ஆண்களுக்குத் தந்தமே இராது. ஆகவே தந்தம் இல்லை, பெண்தான் என்று நெருங்கச் சொல்லாதீர்கள். கன்னத்தில் மதநீர் வழிந்து கறுத்திருக்கிறதா, பின்னங்கால்கள் நனைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் சாரதிக்குச் சொல்லித் தூரத்தைக் கூட்டுங்கள். கெமுனு என்று பெயர் வாங்கிய யால யானை ஒன்று, உணவு வாசனைக்கு ஜீப்புகளுக்குள் தும்பிக்கையை நுழைத்ததற்காகவே பேர்போனது. யாரோ முதலில் பழம் நீட்டியதன் விளைவு அது. உணவு மூடிய பாத்திரத்தில், இருக்கைக்கு அடியில் இருக்கட்டும்.

மாலை 5:30க்குப் பிறகு எல்லா ஜீப்புகளும் வாயிலை நோக்கிப் பறக்கும். இருள் கவியத் தொடங்கும்போது, இரவில் பூச்சி தேடும் பக்கிக் குருவிகள் சூடான மண் பாதையில் வந்து உட்காரும். விளக்கொளியில் எழாமல் அமர்ந்திருக்கும் அவை சக்கரத்துக்குத் தப்ப வேண்டுமானால் வண்டி மெதுவாகப் போக வேண்டும். கடைசிப் பார்வையை 5 மணிக்கே முடித்துக்கொண்டு, "ஹெமின் யமு" என்று சாரதியிடம் சிங்களத்தில் சொல்லுங்கள். மெதுவாகப் போகலாம் என்று பொருள். தமிழ் முகத்திலிருந்து வரும் இரண்டு சிங்களச் சொல்லுக்கு அவர் தரும் சிரிப்பு தனி, வேகமும் உண்மையிலேயே குறையும்.

சாரதிகள் ஏன் ஓடுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். இணையத்தில் பயணிகள் எழுதும் விமர்சனங்களில் "சிறுத்தை காட்டினார்" என்ற வரிக்குத்தான் அடுத்த வாடிக்கையாளர் வருகிறார். எஞ்சினை நிறுத்தி அரை மணி காத்திருந்தவருக்கு அந்த வரி கிடைக்காமலே போகலாம். எனவே சவாரிக்கு முதல் நாளே தொலைபேசியில் தெளிவாகப் பேசிவிடுங்கள்: கைபேசிச் செய்திக்கு ஓட வேண்டாம், குளக்கரையில் நிற்க வேண்டும், சிறுத்தை கிடைக்காவிட்டால் அவர்மேல் குறை இல்லை. அன்பளிப்பைச் சிறுத்தை தெரிந்ததா இல்லையா என்பதோடு சேர்க்காதீர்கள். விடுதிக்குத் திரும்பியதும் விமர்சனம் எழுதும்போது அவர் எத்தனை முறை எஞ்சினை அணைத்தார், எந்த மானின் குரலை முதலில் கேட்டார், வரிசையில் நிற்க மறுத்து எங்கே கொண்டுபோனார் என்று எழுதுங்கள். உங்கள் இருவரில் யார் எதைப் பார்த்தார்கள் என்பதையும் தனித்தனியாகக் குறிப்பிட்டால், அடுத்து வரும் தம்பதி அவரை எதற்காக அமர்த்துவது என்று தெரிந்து அமர்த்துவார்கள்.